எப்.ஐ.ஆரில் தவறு இருந்தால் என்ன செய்வது?



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, சேமிப்பு, கடன் பேச்செல்லாம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும். "ஸ்டேஷன்ல நான் ஒண்ணு சொன்னேன், அவங்க வேற எழுதிட்டாங்க. கையெழுத்தும் போட்டாச்சு. இனி என்னக்கா பண்றது?"

பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. ஆனால் நாள் கடத்தக் கூடாது.

சின்னத் தவறுதானே என்று விடலாமா?

முதல் தகவல் அறிக்கையில் எல்லா விவரமும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு எழுத்துப் பிழையால் மட்டும் வழக்கு கெட்டுவிடாது. ஆனால் சில தவறுகள் நம்மைப் பெரிதும் பாதிக்கும். கணவர் மீது பைக் மோதியது என்று வைத்துக்கொள்வோம். வண்டி எண்ணில் 4 என்பது 9 என்று பதிவானால், நஷ்ட ஈடு கேட்கும்போது "இந்த வண்டி மோதவே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். திருடு போனது 5 பவுன், எழுதியது 3 பவுன் என்றால், மீதி 2 பவுனைக் "கட்டுக்கதை" என்பார்கள். ஆகவே பெயர், தேதி, நேரம், இடம், வண்டி எண், நகை அளவு, யார் என்ன செய்தார் என்பதை அவசியம் சரிபாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

நாம் வாயால் சொன்னதைப் போலீஸார் எழுதி, நமக்குப் படித்துக் காட்டி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இதைச் சொல்கிறது. எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. கைநாட்டு வைப்பவர்களும் "ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்" என்று தைரியமாகக் கேட்கலாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. சி.எஸ்.ஆர். ரசீது என்பது மனு வாங்கியதற்கான ரசீதுதான், அது எப்.ஐ.ஆர். ஆகாது.

பதிவான பிறகு

பதிவான எப்.ஐ.ஆரை அடித்துத் திருத்த முடியாது. அதன் நகல் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் போய்விடும். இது நமக்கும் பாதுகாப்புதான். பிறகு வேறு யாரும் அதை மாற்ற முடியாதல்லவா? எனவே, தவறைத் தனியாக எழுதிக் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

1. நகலை வாங்கி, நம்பிக்கையான ஒருவரை வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள்.

2. விசாரணை அதிகாரிக்கு மனு எழுதுங்கள். எப்.ஐ.ஆர். எண், தேதி, அதில் இருப்பது என்ன, சரியானது என்ன, தவறு ஏன் வந்தது என்று எழுதினால் போதும். "மருத்துவமனையில் பதற்றத்தில் இருந்தேன்", "பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார்" என்று உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்.

3. ஆதார் நகல், நகை பில், வண்டி போட்டோ, மருத்துவச் சீட்டு என இருப்பதை இணையுங்கள். மனுவின் நகலில் தேதியும் ஸ்டேஷன் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. "என்னிடம் கூடுதல் வாக்குமூலம் பதிவு செய்யுங்கள்" என்று கேளுங்கள். விசாரணையில் போலீஸார் எழுதும் வாக்குமூலத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அதனால்தான் நம் கையெழுத்துள்ள மனு தனியாக இருப்பது முக்கியம்.

5. மனுவை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம்.

வக்கீலுக்குப் பணம்?

1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு தாலுகா கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை

திருத்துவது உண்மைக்காக மட்டும்தான். கோபத்தில் "அவன் தம்பி பேரையும் சேத்துடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொய்த் தகவல் தருவது குற்றம். அதோடு நம் உண்மைப் புகாரையும் அது கெடுத்துவிடும்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவில் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.