குடல் இரத்தப்போக்கும் அவசரக் குடல் தூய்மையும்

ஆசனவாய் வழியாக மிகுதியாக இரத்தம் போகும் நோயாளிக்குக் கொலோனோஸ்கோபி செய்யும் முன், பெருங்குடலிலுள்ள மலத்தையும் உறைந்த இரத்தத்தையும் மருந்துக் கரைசலால் வெளியேற்றுவது அவசரக் குடல் தூய்மை எனப்படுகிறது. குடல் தூய்மையாக இல்லாவிட்டால் இரத்தம் கசியும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

செய்முறை

பொதுவாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் 4 முதல் 6 லிட்டர் வரை, 3 அல்லது 4 மணி நேரத்தில் கொடுக்கப்படுகிறது. வெளியேறுவது தெளிந்த நீராகும் வரை இது தொடரும். இக்கரைசலைக் குடல் உறிஞ்சாததால் உடலின் நீர், உப்புச் சமநிலை பெரிதும் மாறுவதில்லை. குடிக்க இயலாதவருக்கு மூக்குவழிக் குழாய் மூலம் செலுத்துவர். மயக்கத்திலிருப்பவருக்குக் கரைசல் நுரையீரலுக்குள் புகும் ஆபத்து உண்டு.

எப்போது?

முதலில் நரம்பு வழியாகத் திரவமும், தேவைப்பட்டால் இரத்தமும் ஏற்றி நோயாளியை நிலைப்படுத்த வேண்டும். நாடித்துடிப்பின் எண்ணிக்கை இரத்த அழுத்தத்தின் மேல் அளவைத் தாண்டி, இரத்தப்போக்கும் நிற்காதிருந்தால், குடல் தூய்மைக்குக் காத்திராமல் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுப்பதே முறை. இரைப்பையில் ஏற்படும் கடும் இரத்தப்போக்கும் இவ்வாறே வெளிப்படலாம் என்பதால், மேல்குடல் எண்டோஸ்கோபியும் தேவைப்படலாம்.

எனவே கரிக்கலாம்பாக்கம் போன்ற சிற்றூர்களில் இருப்போர் வீட்டிலேயே பேதி மருந்து குடிக்கக் கூடாது. அருகிலுள்ள அரசு மருத்துவ மையத்தில் முதலுதவி பெற்று, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆஸ்பிரின் முதலிய மருந்துகளை உட்கொண்டு வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.