சீட்டு தொலைந்தாலும் நாள் தொலையவில்லை

தில்லி கரோல் பாக்கின் மேற்கு விரிவாக்கப் பகுதியிலும் பூசா சாலையை ஒட்டிய தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவர்களுள் பலர் மத்திய அரசு அலுவலகங்களில் பணியாற்ற வந்தவர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை அஞ்சலகச் சேமிப்பிலும் வங்கி வைப்பிலும் இட்டு வந்த அவர்கள், 1990-களின் முற்பகுதியில் புதிய பங்கு வெளியீடுகள் பெருகியபோது, விண்ணப்பத்தோடு காசோலையை இணைத்து வங்கிக் கிளையில் கொடுத்துச் சிறிதளவு பங்குகளும் வாங்கினர். அந்தப் பங்குச் சான்றிதழ்கள் இன்றும் பல வீடுகளில் இரும்புப் பெட்டியின் அடியில், பழைய பாஸ்புத்தகங்களோடு கிடக்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தந்தை மறைந்துவிட்டார். தாயாரின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். பெட்டியைத் திறந்த மகளுக்கு, 1994-இல் தந்தை பெயரில் ஒதுக்கப்பட்ட 200 பங்குகளின் சான்றிதழ் கிடைக்கிறது. ஆனால் தந்தை என்ன விலை கொடுத்தார் என்பதைக் காட்டும் காகிதம் ஒன்றுகூட இல்லை. “வாங்கிய விலைக்குச் சான்று இல்லையென்றால் சுழியம் என்றுதான் போட வேண்டும்” என்கிறார் ஒருவர். “தோராயமாக ஒரு விலையைப் போடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?” என்கிறார் இன்னொருவர்.

இரண்டு அறிவுரைகளும் தவறானவை. முதலாவது, கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டச் செய்யும். இரண்டாவது, விசாரணை வந்தால் விடை சொல்ல முடியாத நிலையில் நிறுத்தும். சட்டம் மூன்றாவது வழி ஒன்றை வைத்திருக்கிறது. பழைய முதலீடுகளுக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக ஒரு குறிப்பிட்ட நாளின் மதிப்பையே அடக்கவிலையாகக் கொள்ள அது இடந்தருகிறது. எனவே பெரும்பாலான நேர்வுகளில் நாம் நிறுவ வேண்டியது விலையை அன்று. அந்த நாளுக்கு முன்பே முதலீடு நம் கையில் இருந்தது என்பதைத்தான்.

இரண்டு நாள்கள்

நினைவில் கொள்ள வேண்டிய முதல் நாள் 2001 ஏப்ரல் 1. அதற்கு முன் வாங்கிய சொத்துக்கு, உண்மையில் கொடுத்த விலையையோ அந்நாளின் நியாயமான சந்தை மதிப்பையோ அடக்கவிலையாகக் கொள்ளலாம். முன்பு 1981 ஏப்ரல் 1 ஆக இருந்த இந்த அடிப்படை நாளை 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் மாற்றியமைத்தது. 2001 ஏப்ரல் 1 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே பட்டியலிட்ட பங்குகளுக்கு, அதற்கு முன் வர்த்தகம் நடந்த கடைசி நாளின் விலையைத் தேட வேண்டும்.

இரண்டாம் நாள் 2018 ஜனவரி 31. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளுக்கும் பங்கு சார்ந்த பரஸ்பர நிதி யூனிட்டுகளுக்கும் இதுவே முதன்மையானது. இவற்றின் நீண்டகால ஆதாயத்துக்கு இருந்த வரிவிலக்கு 2018 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டபோது, அதுவரை சேர்ந்த ஆதாயத்தைத் தொடுவதில்லை என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. பங்குக்கு அன்றைய சந்தையின் உச்ச விலையும், யூனிட்டுக்கு அன்றைய நிகரச் சொத்து மதிப்பும் கணக்கில் கொள்ளப்படும்.

கணக்கிடும் முறை இதுதான்: 2018 ஜனவரி 31-ஆம் நாள் விலை, விற்ற விலை ஆகிய இரண்டில் குறைவானதை முதலில் எடுக்க வேண்டும். அதையும் உண்மையான கொள்முதல் விலையையும் ஒப்பிட்டு, கூடுதலானதை அடக்கவிலையாகக் கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன மகளின் 200 பங்குகளுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 2018 ஜனவரி 31 அன்று பங்கின் உச்ச விலை 900 ரூபாய் என்றும், 2025-26 நிதியாண்டில் 1,400 ரூபாய்க்கு விற்றதாகவும் கொள்வோம். விற்ற தொகை 2,80,000 ரூபாய். அடக்கம் 1,80,000 ரூபாய். ஆதாயம் 1,00,000 ரூபாய். இவ்வகை நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை. அவ்வாண்டில் இவ்வகையான வேறு ஆதாயம் இல்லாவிடில், அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. அடக்கவிலையைச் சுழியம் என்று போட்டிருந்தாலோ, 1,55,000 ரூபாய்க்கு 12.5 விழுக்காடு வரியும் அதன்மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்ந்து 20,150 ரூபாய் கட்ட நேர்ந்திருக்கும்.

1,400-க்குப் பதிலாக 700 ரூபாய்க்கே விற்றிருந்தால், 700 ரூபாயே அடக்கவிலையாகும். ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. தந்தை அதைவிடக் கூடுதலான விலைக்கு வாங்கியிருந்து, அந்த நட்டத்தைக் கோர வேண்டுமானால், அப்போதுதான் விலைக்கான சான்று தேவைப்படும்.

நாளை நிறுவுவது எப்படி?

வாரிசாகப் பெற்ற சொத்துக்குத் தந்தையின் அடக்கவிலையே மகளின் அடக்கவிலை. தந்தை வைத்திருந்த காலமும் மகளின் காலத்தோடு சேரும். எனவே தேட வேண்டியது தந்தையின் நாள்.

சான்றிதழே முதற்சான்று. அதன் முகப்பில் ஃபோலியோ எண்ணும் வழங்கிய நாளும் இருக்கும். வேறொருவரிடமிருந்து வாங்கிய பங்கானால், பெயர் மாற்றிய நாள் பின்புறத்தில் பதிவாகியிருக்கும். சான்றிதழ் சிதைந்திருந்தால், நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, உறுப்பினர் பதிவேட்டில் உள்ள விவரத்தைக் கேட்டுப் பெறலாம். பரஸ்பர நிதிகளுக்கு, கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய பதிவாளர்களிடம் தொடக்கம் முதலான கணக்கு அறிக்கையைக் கோரலாம்.

பழைய பாஸ்புத்தகமும் இங்கே துணை நிற்கும். 1996-இல் ஒரு நிறுவனத்தின் டிவிடெண்டு வரவாகியிருந்தால், அந்தப் பங்கு அதற்கு முன்பே கையில் இருந்தது என்பதற்கு அவ்வரி சான்றாகும். பரிவர்த்தனைப் பதிவுகளை வங்கிகள் குறைந்தது 5 ஆண்டுகளுக்குக் காக்க வேண்டும் என்றே சட்டம் கூறுகிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய பக்கத்தை எங்கள் கிளைகள் எடுத்துத் தர இயலும் என்ற உறுதி இல்லை. ஆகவே பழைய பாஸ்புத்தகங்களைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

விற்பதற்கு முன்

2019 ஏப்ரல் 1 முதல், காகித வடிவிலுள்ள பங்குகளை விற்றுப் பெயர் மாற்ற இயலாது. இறந்தவரின் பங்குகளை முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, டீமேட் கணக்கில் சேர்க்க வேண்டும். தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்டு பெறப்படாதிருந்தால், பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். ஐஇபிஎஃப்-5 படிவத்தின் வழியே அவற்றை மீட்கலாம். சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு இவ்வேலையைத் தொடங்கினால் காலம் போதாது.

2018-இன் சலுகை, பங்குச் சந்தையின் வழியே, பங்குப் பரிவர்த்தனை வரி செலுத்தி விற்கும் பங்குகளுக்கே உரியது. அந்த வரியே 2004 அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முன் வாங்கியவர்கள் வாங்கும்போது அதைச் செலுத்தவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. சந்தைக்கு வெளியே தெரிந்தவருக்கு விற்றால் சலுகை கிட்டாது.

போனஸ் பங்குகளிலும் கவனம் தேவை. 2018 ஜனவரி 31-க்கு முன் கிடைத்த போனஸ் பங்குக்கும் இச்சலுகை உண்டு. பின்னர் கிடைத்ததற்கு அடக்கவிலை சுழியமே. அந்நாளுக்குப் பின் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அன்றைய விலையையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சில இணையதளங்கள் ஏற்கெனவே பிரித்துத் திருத்திய விலையையே காட்டும். மீண்டும் பிரித்துவிடக் கூடாது.

நகையும் மனையும்

கரோல் பாக்கின் பேங்க் ஸ்ட்ரீட், பெயரில் வங்கியைக் கொண்டிருந்தாலும், நகைக்கடைகளுக்கே பெயர்பெற்ற தெரு. பாட்டியின் வளையலைக் கொடுத்துப் புது நகை வாங்கினால் அதுவும் சட்டத்தின் பார்வையில் விற்பனையே. நகைக்கு 2018-இன் சலுகையோ 1,25,000 ரூபாய் விலக்கோ கிடையாது. 2001-இன் வாய்ப்பு மட்டும் உண்டு. பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 ஏப்ரல் 1 நிலவரப்படி மதிப்பறிக்கை பெறுவது நல்லது. நகை உருக்கப்பட்ட பின் எடையையும் மாற்றையும் நிறுவுவது கடினம். ஆதலால் அறிக்கையை விற்பதற்கு முன்பே பெற வேண்டும்.

வீடு, மனைக்கும் 2001-இன் மதிப்பைக் கொள்ளலாம். ஆனால் அந்நாளின் முத்திரைத்தாள் மதிப்பு கிடைக்குமிடத்தில் அதைத் தாண்டக் கூடாது. தில்லியில் வட்ட மதிப்பு 2007-இல்தான் அறிமுகமாயிற்று. அதனால் இங்கே மதிப்பீட்டாளரின் அறிக்கையே ஆதாரம். தமிழ்நாட்டு மனைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தின் அக்கால வழிகாட்டி மதிப்பைப் பெற வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் 12.5 விழுக்காடு வரியையோ, பணவீக்கக் குறியீட்டுடன் 20 விழுக்காடு வரியையோ ஒப்பிட்டுக் குறைவானதைச் செலுத்தலாம். 2001-02-இல் 100 ஆக இருந்த குறியீடு 2025-26-இல் 376. அதாவது, 2001-இல் 10 லட்சம் மதிப்புள்ள மனைக்கு 2025-26-இன் அடக்கம் 37.6 லட்சம் ரூபாய்.

ஒரு தாள் போதும்

விற்ற தொகை வருமானவரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் இடம்பெறும். அடக்கவிலை அங்கே சரியாக இருக்கும் என்று நம்பியிருக்கலாகாது. அதை எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு. படிவத்தின் 112ஏ அட்டவணையில், 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகளை ஒவ்வொன்றாக, அன்றைய விலையோடு குறிப்பிட வேண்டும். தொகை பெரிதாயின் ஆடிட்டரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு முதலீட்டுக்கும் நிறுவனத்தின் பெயர், ஃபோலியோ எண், எண்ணிக்கை, வாங்கிய நாள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் உடனிருந்தால் அருகில் அமர்த்திக் கேட்டு எழுதுங்கள். என்ன விலை கொடுத்தோம் என்பதை அவர்கள் மறந்திருக்கலாம். எந்த ஆண்டில், யார் பெயரில், எந்தக் கிளையில் விண்ணப்பம் கொடுத்தோம் என்பதைப் பெரும்பாலும் மறந்திருக்க மாட்டார்கள்.