மாடி வீட்டில் குழந்தைத் துணி



பிறந்த குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணியைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். மலாய்க்காரர்கள் இதை லம்பின் என்பார்கள். நம் வீடுகளிலும் அந்தப் பெயர் புழங்கிவிட்டது. சின்ன விஷயம்போலத் தோன்றினாலும், வீட்டுப் பணம், குழந்தையின் உடல்நலம், அக்கம்பக்கத்தாரோடு உள்ள உறவு ஆகிய மூன்றும் இதனோடு பின்னிக் கிடக்கின்றன.

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் மலாக்கோஃப், மேஃபீல்டு போன்ற தோட்டங்களின் பெயரை அறியாத நம்மவர் குடும்பம் இருக்காது. லயத்து வாழ்க்கையில் குழந்தைத் துணி ஒரு கவலையாக இருந்ததில்லை. தாத்தாவின் பழைய வேட்டியையோ பாட்டியின் நூல் சேலையையோ கிழித்தால் இருபது துணி தேறும். பைப்படியில் அலசி, லயத்துக்குப் பின்னால் கம்பிக் கொடியில் போட்டால் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். தாய் பால் வெட்டப் போனால் ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்வார்கள். இன்று நிலைமை வேறு. தோட்டங்கள் பல ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின, சில கைமாறின. பிள்ளைகள் பிறை, பட்டர்வொர்த் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய், நாலாவது மாடியிலும் எட்டாவது மாடியிலும் குடியிருக்கிறார்கள். அங்கே முற்றம் இல்லை. கொடி கட்ட இடம் இல்லை. ஆகையால், 'மாடி வீட்டில் துணி கட்ட முடியுமா? பேம்பர்ஸ்தானே வழி?' என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால், முறை தெரிய வேண்டும்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பேம்பர்ஸ் 80 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஆறு என்றால் 4 வெள்ளி 80 காசு. மாதத்துக்கு 144 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு இதற்கே போய்விடுகிறது. இரண்டரை ஆண்டுக்கு 4,320 வெள்ளி! இப்போது துணிக் கணக்கு. ஒன்று 4 வெள்ளி வீதம் இருபத்து நான்கு துணி 96 வெள்ளி. 15 வெள்ளி வீதம் நான்கு மேலுறை 60 வெள்ளி. மொத்தம் 156 வெள்ளி. இதோடு சவர்க்காரம், தண்ணீர், மின்சாரச் செலவு சேரும். அடுத்த குழந்தைக்கும் அதே துணி உதவும். விலைகளை நான் உதாரணத்துக்குச் சொன்னேன். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இனி, துணிகளில் என்னென்ன வகை உண்டு என்று பார்ப்போம். முதல் வகை, சதுரத் துணி. ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள நூல் துணி. முக்கோணமாக மடித்துக் கட்டலாம். நீள்பட்டையாக மடித்து மேலுறைக்குள் வைக்கலாம். விரித்தால் ஒற்றை மடிப்பு ஆகிவிடுவதால் சீக்கிரம் காயும். மாடி வீட்டுக்கு இதுவே மிகவும் ஏற்றது. இரண்டாவது, நடுவில் கனமாகப் பல மடிப்பு வைத்துத் தைத்த துணி. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். காய அதிக நேரம் பிடிக்கும். மூன்றாவது, பை போலத் தைத்த துணி. உள்ளே ஒரு பஞ்சுத் துணியைச் செருகி, பொத்தான் போட்டு மாட்டுவது. கட்டத் தெரியாதவர்களுக்கும் எளிது, விலை கூடுதல். நான்காவது, எல்லாம் ஒன்றாகத் தைத்தது. இது காய்வதற்கு மிகவும் தாமதமாகும். கொடிக்கு இடம் குறைந்த வீட்டுக்கு இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எத்தனை துணி வேண்டும்? பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு துணி மாற்ற நேரும். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தால் இருபத்து நான்கு தேவை. நாள்தோறும் துவைத்தால், மழைக்காலத்துக்கும் சேர்த்துப் பதினெட்டு போதும்.

எல்லா நேரமும் துணிதான் என்று பிடிவாதம் வேண்டாம். பகலில் வீட்டிலிருக்கும்போது துணி. இரவில் ஏணையில் படுக்கும்போது ஒரு பேம்பர்ஸ். கோயிலுக்கோ கிளினிக்குக்கோ போகும்போது ஒன்று. இப்படி வைத்தால் மாதச் செலவு 144 வெள்ளியிலிருந்து 48 வெள்ளிக்கு இறங்கிவிடும். பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. துணிப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள அந்த மூன்று மாதம் நல்ல காலம்.

அடுத்தது, துவைக்கும் முறை. மலம் பட்ட துணியை முதலில் கக்கூஸில் உதறித் தட்ட வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அலசிப் பிழிந்த துணியை, தண்ணீர் ஊற்றாத வாளியில் போட்டு மூடி வையுங்கள். தண்ணீரில் ஊறப் போடுவதே நம் பழக்கம். ஆனால், சிறிய மாடி வீட்டில் தவழும் குழந்தைக்கு வாளித் தண்ணீர் எமன். சில அங்குலத் தண்ணீரிலேயே தலைகுப்புற விழுந்த குழந்தை இறந்துவிடும், சத்தம்கூடக் கேட்காது. ஊறப் போட்டே ஆகவேண்டுமானால், மூடி போட்டு, குளியலறைக் கதவைத் தாழிட்டு வையுங்கள்.

துவைக்கும்போது சவர்க்காரத் தூளை அளவாகப் போட்டு, நன்றாக அலசுங்கள். இயந்திரத்தில் 60 பாகைச் சூடு வைக்க முடிந்தால் நல்லது. வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் திரவத்தைக் குழந்தைத் துணிக்கு ஊற்றக் கூடாது. அது நூலின் மேல் எண்ணெய்ப் படலம்போல் படிந்து, துணி ஈரத்தை உறிஞ்சாமல் செய்துவிடும். வெளுக்கும் மருந்தைச் சிறுநீர் நாற்றமுள்ள துணியில் நேரே ஊற்றாதீர்கள். கக்கூஸ் கழுவும் அமிலத்தோடும் சேர்க்காதீர்கள். இரண்டிலும் நச்சுப்புகை கிளம்பும். சன்னல் சிறுத்த குளியலறையில் அது நெஞ்சை அடைக்கும்.

காயவைப்பதுதான் மாடி வீட்டின் பெரிய சிக்கல். நன்றாகப் பிழிந்து, விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் போடுங்கள். நீர் சொட்டச் சொட்டப் பல்கனிக்கு வெளியே மூங்கிலில் நீட்டினால், கீழ்வீட்டுக்காரரின் துணி நனையும், சண்டை மூளும். மழை நாளில் மடக்குக் கொடியை விசிறிக்குக் கீழே வைக்கலாம். காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடையில் உலர்த்தும் இயந்திரம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அதைப் பயன்படுத்துவது தவறன்று. மலத்தை வீட்டிலேயே அலசிவிட்டுக் கொண்டுபோவது பிறருக்குச் செய்யும் மரியாதை. மேலுறையை அதிகச் சூட்டில் உலர்த்தினால் ரப்பர் கெட்டுவிடும். அந்திக்குப் பின் குழந்தைத் துணி வெளியே கிடக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பறவை தோஷம் இருக்கட்டும். இரவு ஈரத்தில் துணி நமத்துப்போவதும், பூச்சி ஏறுவதும் உண்மை. அந்தப் பேச்சைக் கேட்பது நல்லதே.

காய்ந்த துணியை மடித்து வைப்பதில்தான் மிகப் பெரிய எச்சரிக்கை இருக்கிறது. தாய்மார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் பாச்சை உருண்டை போடவே கூடாது. நாப்தலீன் என்னும் பொருளால் ஆன உருண்டை அது. ஜி6பிடி என்ற நொதிச்சத்து குறைவாக உள்ள குழந்தைகள் நம் நாட்டில் எல்லா இனத்திலும் பிறக்கிறார்கள். ஆண் குழந்தைகளில் இது அதிகம். அந்த நெடி பட்டால் இவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். மஞ்சள் காமாலை வேகமாக ஏறி மூளையைத் தாக்கும். காது கேளாமை, கைகால் முடக்கம், சில வேளை மரணம்வரை போகும். உருண்டையோடு வைத்திருந்த துணிகளாலும் போர்வைகளாலும் பச்சிளங் குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டதை 1963-இலேயே கிரேக்க நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் அரசாங்க மருத்துவமனைகளில் பிறந்த உடனே தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். உங்கள் குழந்தையின் முடிவு என்ன என்று மிஸியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டி பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்த பழைய துணியில் உருண்டை நெடி அடித்தால், அதைக் குழந்தைக்குக் கட்ட வேண்டாம். கண்ணோ தோலோ மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கி, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வெள்ளைத் துணி கட்டியிருந்தால் சிறுநீரின் நிறம் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு: பிறந்து ஐந்து நாள் கடந்தபின் நாளுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைந்தால், பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று அறியலாம்.

துணி கட்டினால் புண் வருமா என்று கேட்பார்கள். ஈரம் எதில் தங்கினாலும் புண் வரும். துணியானாலும் சரி, பேம்பர்ஸானாலும் சரி. மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அது தோலைக் கெடுக்கிறது. ஆகவே, நனைந்த துணியைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். மலம் கழித்தால் அந்த நிமிடமே கழுவ வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் துணியில்லாமல் காற்றாட விடுங்கள். பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகும். தொடை மடிப்பில் சிவந்து, சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சைக் காளானாக இருக்கலாம். கிளினிக்கில் காட்டி மருந்து வாங்குங்கள்.

கட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு விலக வாய்ப்புண்டு. ஜப்பானில் 1975-இல் தொடங்கி, குழந்தையின் கால் தவளைக்கால்போல் மடங்கி விரிந்திருக்கும்படி துணி கட்ட நாடு முழுவதும் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதன்பின் இடுப்பு மூட்டு விலகல் அங்கே வெகுவாகக் குறைந்தது.

பேம்பர்ஸ் போடும் நேரத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, சுருட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கக்கூஸுக்குள் போட்டால், மாடி வீடுகள் பலவற்றுக்கும் பொதுவான குழாய் அடைத்துக்கொள்ளும்; கீழ்வீட்டில் நாற்றம் பொங்கும். பினாங்கு மாநிலத்துக் குப்பை போய்ச் சேரும் இடம் நிபோங் திபால் பக்கத்துப் புலாவ் பூரோங். அங்கே 2022 ஜனவரியில் தீப்பிடித்து, புகை பல நாள் சுற்றுவட்டாரத்தை வாட்டியது. நாம் வீசுவது எங்கோ மறைந்துவிடுவதில்லை. அதற்காகத் துணி கட்டினால் மட்டுமே உலகம் தூய்மையாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, காற்று மண்டலத்துக்கு வரும் கேட்டில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்றது. ஆனால், இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால், துணியின் கேடு 40 விழுக்காடு குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. நம் ஊர் வெயில் இலவசம்; அதைப் பயன்படுத்துவோருக்கே அந்த இலாபம்.

தண்ணீர் நிற்கும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுங்கை டுவா நீர் நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10 முதல் சில நாள் பினாங்கின் பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அத்தகைய நாளுக்கென்று ஒரு பேம்பர்ஸ் பொட்டலத்தைத் தனியே எடுத்து வைப்பது விவேகம்.

கடைசியாகத் தந்தைமார்களுக்கு ஒரு சொல். துணி கட்டும் முறை தாயின் தோளில் மட்டும் விழுந்தால் ஒரு மாதத்தில் கைவிடப்படும். வேலை முடிந்து வருபவர் துணியைக் கொடியில் போடலாம், எடுத்து மடிக்கலாம். பள்ளிக்குப் போகும் அண்ணன் அக்காள்கூட எண்ணி அடுக்கலாம். முதலில் ஆறு துணி மட்டும் வாங்கி, பகலில் கட்டிப் பாருங்கள். கை பழகியபின் மற்றவற்றை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தைக் குழந்தையின் பெயரில் சேமித்து வைத்தால், அது முதல் வகுப்புக்கு வரும்போது புத்தகப் பைக்கும் காலணிக்கும் உதவும்.