மலைப்பாதையும் மரையாணியும்

திருச்சானூரில் நின்று பார்த்தால் சேஷாசல மலைத்தொடர் தெரியும். அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படிவழியாகவும் ஏறலாம், சாலைவழியாகவும் செல்லலாம். படிகள் ஏறத்தாழ 3,550. 1944-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முதல் மலைச்சாலையோ வளைந்து வளைந்து செல்வது. ஏறும் உயரம் ஒன்றே. ஆயினும் சாலையில் தொலைவு மிகுதி, சரிவு குறைவு. அதனால்தான் பாரம் நிறைந்த பேருந்தும் மலையேற முடிகிறது.

இத்தகைய சரிவை ஓர் இரும்புத் தண்டின்மீது சுற்றிவைத்தால் அதுவே மரையாணி. முக்கோணமாக வெட்டிய தாளைப் பென்சிலில் சுற்றினால், அதன் சாய்ந்த விளிம்பு புரிபுரியாகச் செல்வதைக் காணலாம். அப்புரியையே மரை என்பர். பட்டறையில் மரையாணியைப் 'போல்ட்டு' என்றும், அதில் பொருந்தும் உட்புரியுடைய துண்டை 'நட்டு' என்றும் அழைப்பர். தெலுங்கில் திருகாணிக்கு 'மரமேகு' என்று பெயர். நம் மரை அங்கும் ஒலிக்கிறது. காதுத்தோட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

10 மி.மீ. பருமனுள்ள பொதுவகைப் போல்ட்டில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.5 மி.மீ. இடைவெளி இருக்கும். நட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் அது அவ்வளவே நகரும். ஆனால் ஸ்பானரை 20 செ.மீ. தள்ளிப் பிடித்த கை, அதற்குள் ஒன்றேகால் மீட்டர் சுற்றி வந்திருக்கும். கையின் சிறு விசை பெரும் இறுக்கமாக மாறுவது இதனால்தான். அவ்விசையின் பெரும்பகுதியை உராய்வு விழுங்கிவிடுகிறது. அது வீண் என்று தோன்றலாம். ஆனால் உராய்வு இல்லையேல் இறுக்கிய நட்டு தானே கழன்றுவிடும்.

திருப்பதியிலுள்ள பணிமனையில் இரயில்பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கின்றனர். ஓடும் பெட்டியின் ஓயாத அதிர்வு நட்டுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தக்கூடியது. முக்கியமான இடத்தில் ஒன்று கழன்றாலும் பயணிகளின் உயிருக்கே ஆபத்து. எனவே அத்தகைய இணைப்புகளில், போல்ட்டின் துளையில் பிளவுபட்ட ஊசியைச் செருகி நட்டைப் பூட்டுவதுண்டு. ஒரு நட்டின்மேல் மற்றொரு நட்டை இறுக்குவதும் உண்டு.

கருவியும் அளவறிந்து எடுக்கத்தக்கது. 17-ஆம் எண் ஸ்பானருக்குரிய நட்டில் 18-ஐ மாட்டித் திருகினால் அதன் முனைகள் மழுங்கும். பின்னர்ச் சரியான ஸ்பானரும் அதைப் பற்றாது. பிடிவாதமான நட்டுக்கு, ஆறு முனைகளையும் பற்றும் வட்ட ஸ்பானரே ஏற்றது.

திருகுமுன் திசையையும் அறிதல் வேண்டும். பெரும்பாலான மரைகள் வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். மிதிவண்டியின் இடப்பக்க மிதிகட்டையிலோ புரி எதிர்த்திசையில் அமைந்துள்ளது. அதைக் கழற்ற வலஞ்சுழியாகவே திருப்ப வேண்டும். வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் அது மேலும் இறுகும்.