அமராவதி அணையில் முதலைகள்! கரையில் நிற்பவர்களே, உஷார்!

தண்ணீரில் ஒரு கட்டை மிதக்கிறது. அசைவே இல்லை. ஆடு ஒன்று தண்ணீர் குடிக்கக் குனிகிறது. 'சளார்' என்று ஒரு சத்தம்! ஆட்டைக் காணோம். கட்டையையும் காணோம்!

அது கட்டை அல்ல, முதலை.

திண்டுக்கல் பக்கத்து மக்களுக்கு முதலை என்றால் கஜேந்திர மோட்சம் நினைவுக்கு வரும். அல்லது, அவிநாசியில் முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் பாடி மீட்ட கதை நினைவுக்கு வரும். ஆனால் கதையில் மட்டும்தான் முதலை உண்டு என்று எண்ண வேண்டாம்.

பழனியைத் தாண்டி உடுமலைப்பேட்டை. அங்கிருந்து தெற்கே சுமார் 25 கிலோ மீட்டர் போனால் அமராவதி அணை. காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, 1957-ம் ஆண்டில் கட்டப்பட்டது. அந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் சுதந்திரமாக வாழ்கின்றன. அணைக்குக் கீழே ஆற்றிலும் முதலை தலைகாட்டியது உண்டு. பழனியின் சண்முகநதியும், திண்டுக்கல் குடகனாறும் கடைசியில் கலப்பது இந்த அமராவதி ஆற்றில்தான்!

20 அடி ராட்சதன்

உலகில் பிடிபட்ட முதலைகளில் மிகப் பெரிய ஒன்று, 2011-ம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் சிக்கியது. நீளம் 20 அடிக்கு மேல். எடை 1,075 கிலோ! 'லோலாங்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2013-ல் இறந்துவிட்டது.

அது உவர்நீர் முதலை. கடலோரக் கழிமுகங்களில் வாழும். நம் நாட்டில் ஒடிசாவின் பிதர்கனிகாவில் இந்த ஜாதி உண்டு. அமராவதியில் இருப்பது நன்னீர் முதலை. பத்துப் பன்னிரண்டு அடி வளரும். அதற்கு மேல் வளர்வது அபூர்வம்.

'அப்பாடா!' என்று பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். சிதம்பரம் அருகே பழைய கொள்ளிடக் கரைக் கிராமங்களில் மனிதர்களைத் தாக்கி உயிர் குடித்தது இதே நன்னீர் முதலைதான். குளிக்கப் போனவர்களும், மாடு கழுவ இறங்கியவர்களும் அதற்கு இரையானார்கள். ஆளைக் கொல்ல 20 அடி நீளம் தேவையில்லை.

பதுங்கிப் பாயும்

முதலையின் கண்ணும் மூக்கும் தலையின் மேல்புறத்தில் இருக்கின்றன. அதனால் உடம்பு முழுவதையும் தண்ணீரில் மறைத்துக்கொண்டு கரையை நோட்டம் பார்க்கும். தினமும் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு வருகிறவர்களை அது கவனித்து வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். பிடித்தால் விடாது. இரையை நீருக்குள் இழுத்து, உடம்பைச் சுழற்றித் திருகும்.

ஒரு வேடிக்கை: வாயை மூடும் சதைகளுக்கு அத்தனை பலம், திறக்கும் சதைகளுக்கோ பலமே இல்லை. அதனால்தான் முதலையைப் பிடிப்பவர்கள் சாதாரணக் கயிற்றால் வாயைக் கட்டிவிடுகிறார்கள். (வீட்டில் யாரும் பரீட்சை செய்ய வேண்டாம்!)

தோலுக்காக வேட்டையாடியதில் முதலை இனமே அழியும் நிலை வந்தது. 1972-ம் ஆண்டுச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1975-ல் அமராவதியில் முதலைப் பண்ணை தொடங்கியது. நீர்த்தேக்கக் கரையில் கிடைத்த முட்டைகளை எடுத்து வந்து, குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்தார்கள். ஆகவே, முதலையைக் கொன்றால் இன்று சிறைதான்.

மாசி, பங்குனியில் கரை மணலில் குழி தோண்டி இருபது முப்பது முட்டை இடும். குஞ்சு வெளிவர இரண்டு மாதம். அதுவரை தாய் அருகிலேயே காவல் இருக்கும். அந்தக் கோடையில்தான் தண்ணீரும் வற்றுகிறது. ஆடு மாடுகளும் மனிதரும் மிஞ்சிய நீரைத் தேடி அதே கரைக்கு வருகிறார்கள்!

அந்த மாதங்களில் இருட்டில் கரைக்குப் போகக் கூடாது. குழந்தைகளைத் தனியே விடவே கூடாது. மீன் கழுவிய குடலையும் செதிளையும் படித்துறையில் கொட்டினால், முதலைக்கு விருந்து வைத்து அழைப்பது போலத்தான். முதலையைக் கண்டால் கல்லெறியாமல் விலகி வந்து, வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். கயிறும் கூண்டும் கொண்டு அவர்கள் வருவார்கள்.