நாளை தெரியாத காலத்தில் குழுத் தொழில்

விதைத்தவரே அறுவடை செய்வார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத காலங்களை நாம் கண்டிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய கமக்காரர் பலர், தோட்டத்தில் நின்ற பயிரை அப்படியே விட்டு வந்தார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் பிந்திவிட்டது. 2022 ஓகஸ்டில் 87 ரூபா விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாகியது. நீர் இறைக்கும் இயந்திரத்தை நம்பியிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

இவற்றில் எதையும் நாம் தடுத்திருக்க முடியாது. ஆனால் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொழிலைத் தொடங்கும்போது, இப்படியான அடி விழுந்தாலும் குழு உடையாமலிருக்க முன்கூட்டியே வழி செய்துகொள்ளலாம். 'கையூன்றிக் கரணம் போடு' என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான்.

எவ்வளவு இழக்கலாம்?

புதிய தொழில் என்றதும் "எவ்வளவு இலாபம் வரும்?" என்று கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எவ்வளவு போனாலும் அடுத்த போகம் விதைக்க நம்மிடம் காசு இருக்கும்?"

பத்துக் குடும்பங்கள் ஆளுக்கு 5,000 ரூபா போட்டு 50,000 ரூபா சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். முழுவதையும் மிளகாயில் போட்டால், விலை விழும்போது குழுவும் விழும். 20,000 ரூபாவைப் பிரதான பயிருக்கு ஒதுக்குங்கள். 15,000 ரூபாவைக் கீரை, பயறு, கோழி போன்ற விரைவில் காசு தருபவற்றில் போடுங்கள். மீதி 15,000 ரூபா வங்கியில் இருக்கட்டும். அது அடுத்த விதைப்புக்கான காசு. எல்லோரும் கூடிச் சம்மதிக்காமல் அதைத் தொடக்கூடாது.

குத்தகைக் காணியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கீரை ஒரு மாதத்தில் பலன் தரும். பயறு ஏறத்தாழ இரண்டு மாதத்தில். வாழைக்கு ஒரு வருடமளவு காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் அங்கே இருக்கலாம் என்று எழுத்தில் இல்லாவிட்டால், குறுகிய காலப் பயிரே நல்லது. பிறர் காணியில் கிணறு கட்டுவதிலும் பார்க்க, காவிச் செல்லக்கூடிய இயந்திரம் வாங்குவது புத்தி.

28 பேரின் கடை

இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் 1844இல் ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். கூலி குறைந்து, வேலையும் நிச்சயமில்லாத காலம் அது. வாரம் இரண்டு மூன்று பென்ஸ் என்று சேர்த்த முதல் 28 பவுண். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகியவற்றோடு டிசம்பர் 21ஆம் திகதி கடையைத் திறந்தார்கள். எல்லா வீடுகளுக்கும் தேவையான பொருட்கள் அவை.

கடன் கொடுப்பதில்லை என்பது அவர்களின் விதி. நிறை சரியாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கு. கணக்கு உறுப்பினர் முன் அடிக்கடி வைக்கப்படும். மிஞ்சியது, ஒவ்வொருவரும் வாங்கிய அளவுக்கேற்பப் பகிரப்படும். 1849இல் அந்நகரின் சேமிப்பு வங்கி முறிந்தபோது, மக்கள் இந்தக் கடையை நாடி வந்தார்கள். 140 ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டில் 390 ஆகியது. ஐந்து வருடமாகத் திறந்து காட்டிய கணக்கு, கெட்ட காலத்தில் அவர்களுக்கு முதலாக நின்றது.

தலைவர் என்ன செய்ய வேண்டும்?

கெட்ட செய்தியை முதலில் சொல்ல வேண்டியவர் தலைவரே. விலை விழுந்துவிட்டது, லொறி வரவில்லை என்பதை மறைத்தால், அது சந்தேகமாகத் திரும்பி வரும்.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக் கூடுங்கள். கொப்பியை உரத்து வாசியுங்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதும் அதில் இருக்கட்டும். காசுக் கணக்கைப் போலவே வேலைக் கணக்கும் சண்டைக்குக் காரணமாகும். வீட்டுச் செலவை அறிந்த பெண்களின் சொல் அக்கூட்டத்தில் கேட்கப்பட வேண்டும்.

தலைவரோ பொருளாளரோ திடீரென வேறிடம் போக நேரிடலாம். ஆகவே ஒவ்வொரு பொறுப்பையும் இருவர் பழகியிருக்க வேண்டும். வங்கிப் புத்தகம் எங்கே, யாருக்குக் கடன், விதை யாரிடம் என்பது ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் போகும் நாளில் குழுவும் போய்விடும்.

திட்டத்தை ஒவ்வொரு போக முடிவிலும் திருத்தலாம். ஆனால் கணக்கைக் காட்டுவது, சேமித்த பங்கைத் தொடாமலிருப்பது, ஆளுக்கொரு வாக்கு ஆகிய மூன்றையும் எந்தக் காலத்திலும் மாற்ற வேண்டாம்.

குழுவில் கலந்துரையாட:

1. இந்தப் போகம் முற்றாக அழிந்தால், அடுத்த விதைப்புக்கு எங்களிடம் என்ன இருக்கும்?
2. மண்ணெண்ணெய் விலை இரண்டு மடங்கானால் எந்தப் பயிரைக் கைவிடுவோம்?
3. நாளை தலைவர் இல்லாவிட்டால் கொப்பியை யார் எடுப்பார்?