வண்ணச் சுண்ணக்கட்டி ஓவியம்

பார்வைக்குக் கரும்பலகைச் சுண்ணக்கட்டி போன்றதே 'பேஸ்டல்'. வண்ணத்தூளை வெண்சுண்ணத்துடனும் சிறிதளவு பிசினுடனும் பிசைந்து, உருட்டி உலர்த்துவர். பசை மிகக் குறைவாதலின் நிறம் மங்காது ஒளிரும். அக்காரணத்தாலேயே கைபட்டால் உதிரும். சொரசொரப்பான தாளின் மேடுபள்ளங்களே தூளைப் பிடித்து வைக்கும். ஒட்டுநீர் தெளிப்பின் தூள் நிலைக்கும். ஆயின் ஒளி குன்றும். ஆதலால் கண்ணாடிச் சட்டமே தக்க காப்பு.

பிரெஞ்சு ஓவியர் ஷார்டான் (1699-1779) நெடுங்காலம் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். முதுமையில் கண்நோய் வருத்தவே இக்கட்டிகளைக் கையில் எடுத்தார். 1771-இல் மூக்குக்கண்ணாடி அணிந்த தம் முகத்தையே தீட்டினார். நிறங்களைத் தேய்த்துக் கலக்காமல் கோடுகோடாக அடுத்தடுத்து இட்டார். தள்ளி நின்று காண்போர் கண்ணில் அவை ஒன்றாகும். பாரிஸ் லூவர் காட்சிச்சாலையிலுள்ள அவ்வோவியம், கருவி மாறினும் கலை குன்றாது என்பதற்குச் சான்றாகும்.